மார்க்கெட்டுக்குக் கேட்ட இடம்

— அதாவதும்மா, பஸ்ஸைப் பத்தியும் தண்ணியைப் பத்தியும் சொல்லிட்டேன். மூணாவது, வெளக்கு. பதினோராம் பிளாக்ல ஆரம்பிச்சு உங்க புதுக்காலனி வரைக்கும் ரோட்டோரமா கம்பம் நட்டு லைட்டு வாங்கிக் கொடுக்கிறது என் பொறுப்பு.

— வெளக்குங்களா? அந்தத் திடல் பக்கமுங்களா?

— அங்கதாம்மா முதல்ல. அங்கதானே மார்க்கெட் வரப் போவுது.

— திடல்ல வேணாங்க. வூட்டாண்ட ஒன்னு இருந்தாப் போதுங்க.

— கேட்டியா தலைவரே? கரண்டு தயாராவுற நெய்வேலியில நின்னுக்கினு வெளக்கு வேணாங்குது இந்தம்மா! யம்மா, இவரு யாருன்னு தெரியுதா? துரைராஜு. நெலக்கரி மைன்ஸ்ல மண்ணு வெட்டுற பெரிய சக்கர மிஷினு ஓட்டுறவரு. பர்மனென்ட்டு. நலக்குழு எலெக்‌ஷன்ல நிக்கிறாரு. பிளாக்கும் உங்க காலனியும் சேந்து ஒரே வார்டு. குடை சின்னம். என்னைத் தெரியும்ல?

— தெரியாமங்களா? சைக்கிள்ல காய்கறி கொண்டாருவீங்களே, கொளஞ்சிநாதன். ஒங்ககிட்டதானே கத்திரிக்கா வாங்குறோம்.

— சொத்தைன்னு திட்டுறதும் என்னையத்தான். அது கெடக்கட்டும். மார்க்கெட் வந்துச்சுன்னா இந்தக் கொளஞ்சிக்கும் அதுல ஒரு கடை. வெயில்ல பெடல் மிதிச்சு மிதிச்சு என் முட்டி தேஞ்சுபோச்சு. அதுக்காவவாவது இவருக்குப் போடும்மா மாரியம்மா.

— போட்டுர்றேங்க. குடைதானே, போட்டுர்றேன். நீங்க அடுத்த வூட்டுக்குப் போங்க சாமி.

— ஓட்டு இருக்கட்டும்மா. நான் எல்லார்கிட்டயும் ஒன்னு கேட்டுக்கிட்டு வர்றேன். அதாவது, நான் நெனைக்கிறது வேற, இங்க இருக்கிறவங்களுக்கு வேண்டியது வேறயா இருக்கலாம். உன் வாயால சொல்லு. இந்த ஊருக்கு முதல்ல என்ன வேணும்?

— என்னத்தைங்க சொல்றது?

— எதுவா இருந்தாலும் சொல்லு.

— ஒன்னும் வேணாங்க. வூடு இருக்குது, கெணறு இருக்குது. நீங்க போயிட்டு வாங்க.

— ஏம்மா, அது கெடக்கட்டும், கதவை ஏன் ஒருக்களிச்சுப் புடிச்சிக்கினே நிக்கிற? நாங்க என்ன உள்ள வந்து சட்டியைத் தூக்கிக்கினு போயிடுவோமா? தலைவரே, ஊதுபத்தி வாசனை வரல உனக்கு?

— வருது. சாமி கும்பிடுறியாம்மா? உள்ள யாரும்மா இருக்காங்க?

— மாமனாருங்க.

— படுத்திருக்காரா? ஒடம்பு சரியில்லியா?

— கெடத்தியிருக்குதுங்க.

— அய்யய்யோ! யம்மா, என்ன சொல்ற? பெரியண்ணன் கெழவனா? செத்துட்டாரா? ஏம்மா, வாசல்ல நின்னு நாங்க குடை சின்னம் குடை சின்னம்னு பினாத்திக்கினு இருக்கோம், நீ ஒரு வார்த்தை சொல்ல வேணாமா? ஒரு அழுகைச் சத்தம் கூட இல்லியே!

— அழுதா நாலு பேர் வந்து கேப்பாங்கல்ல, எங்க எடுத்துக்கினு போவப் போறீங்கன்னு. அதான் வாயில துணியை வெச்சிக்கினு அழுதங்க.

— கொளஞ்சி, இரு. பெரியண்ணன்னா, மைன்ஸ் வேலியோரமா வந்து நிப்பாரே, தலையில செவப்புத் துண்டு போட்டுக்கிட்டு? அவராம்மா உன் மாமனாரு?

— அவருதாங்க.

— அவரை நான் இன்னிக்குக் காலையில பார்த்தேனேம்மா. ஃபர்ஸ்ட் ஷிப்டுக்கு மிஷின் மேல ஏறிக்கிட்டு இருந்தேன். வழக்கமா நிக்கிற எடத்துல நின்னாரு. கையைத் தூக்கினாரு. நானும் தூக்கினேன்.

— இன்னிக்குக் காலையிலயா?

— ஆமாம்மா. பனி கூட இருந்துச்சு. ஆனா நல்லாத் தெரிஞ்சாரு.

— இல்லீங்க. நேத்து பொழுது சாயறப்பவே உசிரு போயிட்டுதுங்க. கஞ்சித் தண்ணி கேட்டாரு, ஆத்திக்கினு வர்றதுக்குள்ள கண்ணு நட்டுக்கிச்சு. அப்போலேருந்து இங்கதான் கெடக்குறாரு. நான் பக்கத்துலயே ஒக்காந்துகினு இருக்கேன்.

— தலைவரே! தலைவரே, ஒக்காரு. மூஞ்சியெல்லாம் வேத்து ஊத்துது பாரு. ராத்திரி ஏதாச்சும் தூக்கம் கெட்டிருப்ப. வேற எவனாச்சும் செவப்புத் துண்டைப் போட்டுக்கினு நின்னிருப்பான்.

— இல்ல கொளஞ்சி. அவரு நிக்கிற நிலை எனக்குத் தெரியும். ஒரு காலை மடக்கி, கொக்கு மாதிரி நிப்பாரு. அம்மா, கொஞ்சம் தண்ணி கொடு.

— எழவு வூட்டுத் தண்ணிங்க. அதுவும் எங்க வூட்டுல...

— கொடும்மா. குடிக்கிறேன்.

— இந்தாங்க.

— உள்ள வந்து பாக்கலாமா?

— வாங்க. குனிஞ்சு வாங்க, நிலை இடிக்கும்.

— அவரேதான். இந்தத் துண்டேதான். கொளஞ்சி, வந்து பாரு. தூங்குற மாதிரி கூட இல்ல, எதையோ கேக்கப் போற மாதிரி வாய் இருக்குது. தினம் கேப்பாரும்மா என்னைய.

— என்னாங்க கேப்பாரு?

— ஷிப்டு முடிஞ்சு மேல ஏறி வருவேன். வேலிக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு, "தம்பி, இன்னிக்கு யாரை எடுத்தே?"ன்னு கேப்பாரு. ஆரம்பத்துல எனக்குப் புரியல. யாரையும் எடுக்கல பெரியவரே, மண்ணைத்தான் எடுத்தோம்னு சிரிச்சேன். அப்புறம் ஒருநாள், "இன்னிக்கு எங்க சின்னாத்தாவை எடுத்திருப்பே. அவங்களை நாவ மரத்தடியிலதான் பொதைச்சோம். அந்த எடத்துக்கு வந்திட்டியே"ன்னாரு. அன்னிலேருந்து நான் சிரிக்கிறதில்ல. அந்த மிஷின் மேல ஒக்காந்து சக்கரத்தைத் திருப்புறப்ப, பின்னாடி யாரோ பேர் பேராச் சொல்லிக்கிட்டே இருக்கிற மாதிரி இருக்கும். சத்தத்துல ஒரு பேரும் காதுல விழாது. இருந்தாலும் சொல்றாங்கன்னு தெரியும்.

— எங்ககிட்டயும் சொல்லிக்கினே இருப்பாருங்க. எங்க ஊரு ஈச்சங்குப்பம். இப்ப மைன்ஸு குழி இருக்குதே, அதுதான். அங்கேருந்து காலி பண்ணித்தான் எங்களை இந்தக் காலனிக்குக் கொண்டாந்தாங்க. குழிக்குள்ளன்னு சொன்னா அவருக்குக் கோவம் வரும். "குழிக்குள்ள இல்ல புள்ள, ஊரு மேல இருந்துச்சு. அந்த மிஷினு சக்கரம் சுத்துதில்ல, அதுக்கும் மேல, காக்கா பறக்குற ஒசரத்துலதான் நம்ம வூட்டு வாசல்"ன்னு கையை நீட்டிக் காட்டுவாரு. நான் பாத்தா வெறும் காத்துங்க. எங்க மாமியாரைப் பொதைச்ச எடமும் இப்ப காத்துதான். அமாவாசைக்கு அமாவாசை ஒரு உருண்டை சோறு எடுத்துக்கினு போயி வேலியாண்ட நின்னு, அந்தக் காத்துல வீசிட்டு வருவாரு.

— யப்பா. அது கெடக்கட்டும்மா. ஆவ வேண்டியதைப் பாப்போம். உன் புருசன் எங்க? தந்தி கொடுத்தாச்சா?

— சாமிக்கண்ணு அணைக்கட்டு வேலைக்குன்னு நீலகிரிப் பக்கம் போயி ரெண்டு பொங்கல் ஆயிடுச்சுங்க. எந்த மலையில இருக்குதுன்னு தெரியாது. யாருக்குத் தந்தி கொடுக்கிறது?

— சரி. எங்க எடுக்கப் போற?

— எங்கியாவது வெச்சிக்குவோங்க.

— எங்கியாவதுன்னா?

— இருட்டட்டுங்க. நாலு பேர் சேந்து பாத்துக்குவோம். நீங்க போங்க சாமி, ஒங்களுக்கு நெறைய வூடு இருக்குது.

— இருட்டினப்புறமா? பொணத்தைப் பட்டப்பகல்ல எடுக்காம, இருட்டுக்கு எதுக்கும்மா காத்திருக்கணும்? அதாவது, இந்தக் காலனிக்குச் சுடுகாடு எந்தப் பக்கம் ஒதுக்கினாங்க? நான் எல்லாப் பக்கமும் சுத்தியிருக்கேன். எங்க இருக்குன்னு எனக்கே ஞாபகம் வரலியே. கொளஞ்சி, எங்க இருக்குது?

— பிளான்ல எங்கியாச்சும் இருக்கும் தலைவரே. ஆஸ்பத்திரி இருக்குது, பள்ளிக்கூடம் இருக்குது, கிளப்பு இருக்குது, இது இல்லாமயா போயிடும்?

— எங்க? சொல்லு. நீ தெருத் தெருவா சைக்கிள் மிதிக்கிறவன்தானே? ஒரு பாடை போறதை எந்தத் தெருவுலயாவது பாத்திருக்கியா?

— இல்ல.

— ஏன் பாக்கல?

— எல்லாம் வயசுப் பசங்க. வேலைக்கு வந்திருக்காங்க. சாவறதுக்குன்னு இந்த ஊருக்கு எவன் வந்தான்? அப்படியே ஒன்னு ரெண்டு ஆச்சுன்னாலும், தஞ்சாவூர்க்காரன் தஞ்சாவூருக்கு எடுத்துக்கினு போயிடுறான், திருநெல்வேலிக்காரன் லாரி புடிச்சுத் திருநெல்வேலிக்குப் போயிடுறான். போன வருசம் உங்கம்மா தவறினப்ப நீ எங்க எடுத்துக்கினு போன? மேல்பட்டாம்பாக்கத்துக்குத்தானே? நான்தானே லாரியில முன்னாடி ஒக்காந்துகினு வந்தேன்.

— ஆமா. எல்லாருக்கும் திரும்பிப் போவ ஒரு ஊரு இருந்துச்சு. அதான் யாருக்கும் தோணல. எனக்கும் தோணல. பஸ்ஸு, தண்ணி, வெளக்கு, மார்க்கெட்னு வாய் கிழியப் பேசினேன். இவங்க ஊரே மைன்ஸா இருக்குது, செத்தா எங்க எடுத்துக்கிட்டுப் போவாங்கன்னு ஒருநாள் நெனச்சேனா?

— தலைவரே, மெதுவாப் பேசு. வெளிய கேக்கும்.

— பக்கத்து ஊர்ங்கள்ல கேட்டுப் பாத்தியாம்மா?

— கேட்டோங்க. வந்த புதுசுல கேட்டோம். அவங்கவங்க சுடுகாடு அவங்கவங்க சனத்துக்கு. நேத்து வந்தவங்களை எப்படி வுடுவாங்க? அதுவும் எங்க ஆளுங்களை. சண்டை போட்டு ஆவுமா? கூலி வேலைக்கு அவங்க கொல்லைக்குத்தானே போவணும்.

— எங்க ஊருக்கு எடுத்துக்கிட்டுப் போயிடலாமா? மேல்பட்டாம்பாக்கத்துல எங்க கொல்லையில...

— துரைராஜு.

— என்ன?

— நான் உன்னைத் தலைவரேன்னு கூப்பிடல இப்போ, துரைராஜுன்னு கூப்பிடுறேன். யோசிச்சுப் பேசு. ஒங்கப்பாரு வுடுவாரா? ஒங்க பங்காளிங்க வுடுவாங்களா? பாதி வழியில லாரியை மறிச்சா, இந்தப் பொம்பள பொணத்தை வெச்சிக்கினு ரோட்டுல நிக்கும். நீ நெசமாவே செய்ய முடியும்னா சொல்லு. இல்லன்னா வாயைத் திறக்காத.

— முடியாது. நீ சொல்றது சரி. வுட மாட்டாங்க. சொல்றதுக்கே வெக்கமா இருக்குதும்மா.

— நீங்க ஏங்க வெக்கப்படணும்? நாந்தான் சொன்னேனே, நாங்க பாத்துக்குவோம்னு. ஆனா மாமா ஒன்னு சொல்லிக்கினே இருந்தாருங்க. அதான் நேத்து ராத்திரியே எடுக்காம, இன்னிக்குப் பொழுதுக்கும் இப்படிக் கெடத்திக்கினு ஒக்காந்திருக்கேன். எடுக்கவும் மனசு வரல, வெச்சிக்கினு இருக்கவும் முடியல.

— என்ன சொன்னாரு?

— "என்னை இருட்டுல எடுத்துக்கினு போவாத புள்ள. திருட்டுப் பொருளா நானு? வெயில்ல எடுத்துக்கினு போ. சத்தம் போட்டு எடுத்துக்கினு போ. இன்னார் போறான்னு நாலு பேருக்குத் தெரியட்டும்"னாரு. காச்சல்ல கெடந்தப்பவும் அதேதான்.

— யாரும்மா இருட்டுல எடுக்கப் போறா அவரை? ஏன் அப்படிச் சொன்னாரு?

— வயசானவரு. எதையோ நெனச்சிக்கினு சொல்லியிருப்பாருங்க.

— கொளஞ்சி, காலையில நான் பாத்தேன்னு சொன்னேன்ல. பாதிதான் சொன்னேன்.

— வேணாம் தலைவரே. மீதியைச் சொல்லாத.

— சொல்லணும். தினம் நிப்பாரு, கேப்பாரு, அப்படியே நின்னுக்கிட்டு இருப்பாரு. அவரு திரும்பி நடந்து நான் பாத்ததே இல்ல. இன்னிக்கு ஒன்னும் கேக்கல. கையைத் தூக்கிட்டு, குழியைப் பாக்காம முதுகைத் திருப்பிக்கிட்டாரு. விறுவிறுன்னு நடந்தாரு. வீட்டுக்குத் தாமதமாயிடுச்சுங்கிற மாதிரி. மிஷின் மேல இருந்ததால ரொம்ப தூரம் தெரிஞ்சுது. காலனிப் பக்கம் போவல.

— எங்கங்க போனாரு?

— திடலுக்கு.

— திடலுக்குங்களா? எந்தப் பக்கமா?

— முந்திரி மரம் ஒத்தையா நிக்குதே, அந்தப் பக்கம். அங்க போயிக் குந்தினாரு. அதுக்கப்புறம் பனி மூடிடுச்சு. என்னம்மா? ஏன் அழுவுற? இவ்வளவு நேரம் அழாம இருந்தியே?

— ஒன்னுமில்லீங்க. அங்கியா போயிக் குந்தினாரு? நல்லாப் பாத்தீங்களா?

— நல்லாப் பாத்தேம்மா.

— போனாரே, அது போதுங்க.

— கொளஞ்சி, தூக்கு.

— எதைத் தூக்குறது?

— கட்டில் அந்தப் பக்கம் நீ புடி. இந்தப் பக்கம் நான். வெயில் இருக்குறப்பவே எடுத்துடுவோம். திடல்லதான் பொதைக்கிறோம்.

— உனக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சா? அது மார்க்கெட் எடம்யா! நீ நடையா நடந்து, மேல இருக்கிறவங்க கையில கால்ல விழுந்து ஒத்துக்க வெச்ச எடம். நாலு செவுத்துல எழுதியிருக்கு, துரைராஜு வந்தா திடல்ல மார்க்கெட்னு. அங்க ஒரு பொணத்தைப் பொதைச்சா, அப்புறம் எவன் வந்து அங்க கத்திரிக்கா வாங்குவான்?

— வாங்க மாட்டான்.

— எனக்குக் கடை?

— கடை இல்ல கொளஞ்சி.

— எலெக்‌ஷன்?

— தோத்துடுவேன்னு நெனைக்கிறேன். அனுமதி இல்லாமப் பொதைச்சான்னு என்னைக் கூப்பிட்டு விசாரிப்பாங்க. குவார்ட்டர்ஸைக் காலி பண்ணச் சொன்னாலும் சொல்லுவாங்க.

— வூட்டுல உன் பொண்டாட்டி செங்கமலத்துக்கு என்ன பதில் சொல்லுவ?

— நாளைக்கு அந்த மிஷின் மேல ஏறி நான் எப்படி ஒக்காருவேன்னு அவளையே கேக்குறேன். அவரு முகத்துல இருக்கிற அந்தக் கேள்வியைப் பாத்துட்டு, வாயில துணி வெச்சு அழுத இந்தப் பொண்ணையும் பாத்துட்டு, அடுத்த வீட்டுல போயி நான் எப்படிக் குடை சின்னம்னு சொல்லுவேன்? நீ சொல்லு, வந்துடுறேன். அடுத்த வீட்டுக்கே போயிடுவோம்.

— அந்தத் தலைமாட்டுப் பக்கம் எனக்குக் குடு. நீ உயரம். நீ முன்னாடி புடிச்சா கெழவன் பின்னாடி சறுக்கிக்கினு வந்துடுவாரு.

— வேணாங்க! திடல்ல வேணாங்க. சாமி, நான் சொல்றதைக் கேளுங்க. ஒங்க வேலை போயிடும். எல்லாரும் வருவாங்க. நோண்டுவாங்க. அங்க என்னாத்துக்குப் பொதைச்சீங்க, எவ்ளோ ஆழம், யாரு யாருன்னு கேப்பாங்க. வேணாங்க.

— கேக்கட்டும்மா. நான் பதில் சொல்றேன். ஒளிச்சு வெச்சாத்தான் பயப்படணும். அவரு வெயில்ல போவணும்னாரா இல்லியா?

— சொன்னாருங்க.

— அங்க போயிக் குந்தினாரா இல்லியா? என்னை நம்பும்மா. சாமின்னு கூப்பிடாத. அண்ணன்னு கூப்பிடு. அப்பன் செத்த வீட்டுல ஒரு அண்ணன் இருந்தா என்ன செய்வானோ, அதைத்தான் செய்றேன்.

— சரிங்கண்ணே. எடுங்க. ஆனா நானும் வருவேன்.

— பொம்பள சுடுகாட்டுக்கு வர்றது...

— நான் வந்தாவணுங்க கொளஞ்சியண்ணே. நான் வராம அங்க தோண்டக் கூடாது.

— வரட்டும் வுடு கொளஞ்சி. யாரு இருக்கா அவருக்கு வேற? மம்புட்டி, கடப்பாறை இருக்காம்மா?

— கதவுக்குப் பின்னாடிங்க.

— மேளத்துக்கு என்ன பண்றது? சத்தம் போட்டு எடுத்துக்கினு போவச் சொன்னாராமே கெழவன். இந்நேரத்துக்கு மேளத்துக்கு ஆள் எங்க தேடுறது?

— உன் கழுத்துல தொங்குதே.

— எது? இந்தத் தகரக் குழாயா? இதுல ஓட்டுக் கேட்டுக்கினு வந்தேன்யா மத்தியானத்துலேருந்து.

— இப்ப அவரைப் பத்திச் சொல்லு. ஊர் பூராக் கேக்கட்டும்.

— நான் எழவு வூட்டுல அரிச்சந்திர புராணம் படிக்கிறவனா? எனக்குக் கத்திரிக்கா, வெண்டைக்கான்னு கூவத்தான் தெரியும்.

— அப்படியே கூவு. தூக்கு. மெதுவா. நிலைப்படி, நிலைப்படி. குனி.

— ஒரு கையில கட்டிலு, ஒரு கையில குழாயி. எப்பேர்ப்பட்ட பொழப்பு. சரி. "யாரு போறா? பெரியண்ணன் போறாரு! ஈச்சங்குப்பத்துப் பெரியண்ணன் போறாரு! கோடி வீட்டு மாரியம்மா மாமனாரு! சாமிக்கண்ணுக்கு அப்பாரு! வெயில்ல போறாரு, வழி வுடுங்க!" போதுமா தலைவரே?

— இன்னும் சத்தமா.

— "பெரியண்ணன் போறாரு! ஈச்சங்குப்பத்துப் பெரியண்ணன் போறாரு!"

— கதவெல்லாம் திறக்குது பாருங்கண்ணே. எல்லாம் எங்க ஈச்சங்குப்பத்து சனம். யம்மா செல்லக்கிளி, வா. ராமலிங்கம் மாமா, வாங்க. பயப்படாதீங்க. வெயில்லயே எடுத்துக்கினு போறோம். ஆமா, அங்கதான். இவங்க கூட வர்றாங்க.

— யாரும் ஒன்னும் பேச மாட்டேங்கிறாங்களே கொளஞ்சி. பின்னாடியே வர்றாங்க, ஒரு வார்த்தை இல்ல.

— பேச என்ன இருக்குது? இவ்ளோ நேரம் ஓட்டுக் கேட்டுக்கினு வந்த குழாயில எழவு சொன்னா எவனுக்குத்தான் வாய் வரும்? தோள் மாத்தணும் தலைவரே. அந்தா ராமலிங்கம் வர்றாரு, அவர்கிட்ட ஒரு பக்கம் குடு.

— இல்ல, என்கிட்டயே இருக்கட்டும். கனம் தெரியல எனக்கு. வாட்ச்மேன் நிக்கிறானா திடல் கேட்டுல?

— நிக்கிறான். கருப்பசாமி. நீ நில்லு, நான் போயிப் பேசிட்டு வர்றேன். செல்லக்கிளியம்மா, இந்தக் காலைக் கொஞ்சம் தாங்கிப் புடி.

— மாரியம்மா, பயமா இருக்கா?

— ரொம்பப் பயமா இருந்துச்சுங்கண்ணே, இவ்ளோ நாளா. இப்ப இல்ல. வெயிலு மூஞ்சியில படுறது அவருக்குப் புடிக்கும்.

— என்ன கொளஞ்சி, சொன்னானா? நம்மளைப் புடிக்க ஜீப் வருமா?

— ஒன்னும் கேக்கல தலைவரே. நான் வாயைத் திறக்கவே இல்ல. தொப்பியைக் கழட்டிக் கக்கத்துல வெச்சிக்கினான். அந்தப் பக்கமாத் திரும்பி நின்னுக்கினான். வழக்கமா இந்த எடத்துக்கு வர்றவங்களைப் பாக்கிற மாதிரி.

— நல்ல மனுசன். வா, இறக்குவோம். இதோ முந்திரி மரம். இங்கதான் குந்தினாரு. மெதுவா வை. மம்புட்டியைக் கொடு.

— நீ மிஷின்ல தோண்டுறவன். கையால தோண்டத் தெரியுமா? தள்ளு, நான் ஆரம்பிக்கிறேன்.

— சேந்து தோண்டுவோம். மாரியம்மா, இந்த எடம் போதுமா?

— நெழலு வுழுற பக்கமா இருந்தா நல்லா இருக்குங்கண்ணே.

— சரி, நெழல் பக்கமே. கொளஞ்சி, இப்படி வா. என்ன, அங்கியே பாத்துக்கிட்டு நிக்கிற?

— இவங்களைத்தான் பாக்குறேன். ஒரு பாடைக்கு இத்தனை பேர் வந்திருக்காங்க, குழியைச் சுத்தித்தானே நிக்கணும்? ஆளுக்கொரு மூலையில போயி நிக்கிறாங்க. அந்தா, செல்லக்கிளி வெறுந்தரையில குந்திக்கினு தரையைத் தடவிக்கினு இருக்குது. ராமலிங்கம் கெழவரு அந்தப் பொதராண்ட தனியா நிக்கிறாரு. வர்றப்பவும் திடல்ல நேரா நடக்கல ஒருத்தரும். வளைஞ்சு வளைஞ்சு, எதையோ மிதிக்கக் கூடாதுங்கிற மாதிரி வந்தாங்க.

— தூரமா நிக்கிறாங்க, மரியாதைக்கு. நீ தோண்டு.

— தோண்டிக்கினுதான் இருக்கேன். கெட்டித் தரை, கடப்பாறை எகிறும்னு நெனச்சேன். பொலபொலன்னு வருதே மண்ணு. யாரோ வெட்டி, மறுபடி மூடின மண்ணு மாதிரி இருக்குது.

— நெய்வேலி மண்ணு அப்படித்தான். தினம் நான் வெட்டுறேனே, எனக்குத் தெரியாதா? மாரியம்மா, இப்பச் சொல்றேன், எல்லாரும் கேட்டுக்கங்க. அதாவது, நான் எலெக்‌ஷன்ல ஜெயிச்சாலும் தோத்தாலும் சரி, இனிமே இது மார்க்கெட் இல்ல. இது உங்க சுடுகாடு. நாளைக்குப் போயி நானே மேலே சொல்லிடுறேன். ஒரு நகரம்னு இருந்தா அதுல சாவுறதுக்கும் எடம் வேணும். அதைத்தான் நான் முதல்ல கேட்டிருக்கணும். பெரியவருதான் கண்ணைத் திறந்து வெச்சாரு. எனக்கு ஒரே ஒரு கவலைதாம்மா. இவ்வளவு பெரிய வெட்டவெளியில முதல் ஆளா, துணைக்கு யாரும் இல்லாம, அவரு தனியாக் கெடக்கணுமேன்னு.

— தனியா இல்லீங்கண்ணே. கொளஞ்சியண்ணே, மம்புட்டியை நிறுத்துங்க. இந்தாண்ட கொஞ்சம் தள்ளித் தோண்டுங்க. அது எம் பொண்ணு படுத்திருக்கிற எடம்.